இடுப்பு உடைந்த பாட்டிக்குக் காலில் எவ்வளவு பலம் திரும்பியிருக்கிறது? வீட்டிலேயே அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் "வலது கால் பவர் 4/5" என்று ஒரு வரி. மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பின்னால், இரும்பு ஏணி வைத்த ஒரு மாடி வீடு. ஆச்சிக்கு 76 வயது, திருநெல்வேலிப் பக்கம். விழுந்து, ஆணி வைத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஐந்துக்கு நாலு என்றால் நூற்றுக்கு எண்பது மார்க் மாதிரித்தான் கேட்கிறது. மகனும் அப்படித்தான் நினைத்திருந்தார். "எண்பது பர்சன்ட் வந்திருச்சுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க, ஆனா கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போக ரெண்டு பேர் வேணும், என்ன கணக்கு மேடம் இது?"

அவர் கேட்டது நியாயம். அந்த 4/5 பொய்யும் இல்லை, ஆனால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. இந்த வழிகாட்டி முக்கியமாக வீட்டுக்குப் போய் வைத்தியம் பார்க்கும் இளம் பிசியோக்களுக்கு. அம்மாவையோ பாட்டியையோ பார்த்துக்கொள்ளும் வீட்டாரும் படிக்கலாம். அவர்கள் தாங்களாகச் செய்யக்கூடியது எது, கூடாதது எது என்று அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

முதலில் அந்த 4/5 கதை

கையால் அழுத்திப் பார்த்து 0 முதல் 5 வரை மார்க் போடும் முறை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நரம்புக் காயங்களுக்காக வகுத்துக் கொடுத்தது. 0 என்றால் தசையில் அசைவே இல்லை. 1, துடிப்பு மட்டும். 2, படுக்கையில் வழுக்கிக்கொண்டு நகரும், தூக்க முடியாது. 3, புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்கும். 4, நாம் அழுத்தினாலும் ஓரளவு தாங்கும். 5, இயல்பு.

மூன்று வரைக்கும் இது அருமையான அளவுகோல். பிரச்சினை நாலில் இருக்கிறது. லேசாக விரல் வைத்தால் தாங்குகிறவரும் நாலு, முழுக் கையால் அழுத்தினால் கடைசி நொடியில் விட்டுக்கொடுக்கிறவரும் நாலு. முன்தொடைத் தசை உடம்பிலேயே பெரிய தசைகளில் ஒன்று, பாதிப் பலம் போன பிறகும் அது நம் கையைத் தள்ளிவிடும். 45 கிலோ எடையுள்ள நான் அழுத்துவதற்கும் என் கூடப் படித்த பயில்வான் அழுத்துவதற்கும் ஒரே ஆச்சிக்கு வேறு வேறு மார்க் விழும். ஆகவே என் வழக்கம்: 3 வரை கை, அதற்கு மேல் கருவி. கருவியே இல்லாவிட்டால் நாற்காலி.

எப்போது தொடவே கூடாது

நாம் "இடுப்பு உடைஞ்சிருச்சு" என்று சொன்னாலும் பெரும்பாலும் உடைவது தொடையெலும்பின் மேல்முனைதான். கழுத்துப் பகுதியில் உடைந்தால் பாதி மூட்டு மாற்றுவார்கள் அல்லது ஸ்குரூ போடுவார்கள், அதற்குக் கீழே உடைந்தால் டிஎச்எஸ் பிளேட்டோ (எலும்பின் பக்கத்தில் தகடு, தலைக்குள் ஸ்குரூ) பிஎஃப்என் ஆணியோ (எலும்பின் உள்ளே போகும் நீள ஆணி) வைப்பார்கள். எது வைத்திருக்கிறது என்று தெரியாமல் காலில் கை வைக்காதீர்கள். எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், வீட்டில் அது எப்போதும் பீரோவுக்கு மேலேதான் இருக்கும்.

சர்ஜனிடம் இரண்டு கேள்வி. ஒன்று, காலில் எவ்வளவு எடை வைக்கலாம். இரண்டு, எதிர்ப்புக் கொடுத்து அளக்கலாமா, எந்த அசைவுக்கு. பதில் எழுத்தில் இருந்தால் நல்லது, வாட்ஸாப்பில் வந்தாலும் போதும். மூட்டு மாற்றியவர்களுக்குப் பின்பக்கமாகத் திறந்திருந்தால் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, காலைக் குறுக்கே கொண்டுவருவது, உள்பக்கம் திருப்புவது மூன்றும் தடை. பக்கவாட்டாகத் திறந்திருந்தால் காலை வெளிப்பக்கம் விரிக்கும் தசை தைக்கப்பட்டிருக்கலாம். அது ஆறும் வரை அந்தத் தசையை அளக்கிற பேச்சே வேண்டாம்.

அன்றன்றைக்குப் பார்க்க வேண்டியவை: கெண்டைக்கால் புதிதாக வீங்கிச் சூடாக இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, தையல் போட்ட இடத்தில் நீர் கசிகிறதா, திடீரென்று இடுக்கில் வலி வந்து கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறதா. இதில் ஒன்று இருந்தாலும் அளவு எடுக்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். ரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தால் அன்றைக்கு டீ குடித்துப் பேசிவிட்டு வந்துவிடுவேன். படுத்திருந்தவர் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளி விழுந்தால் நிற்கும் சோதனை எதையும் அன்று செய்ய வேண்டாம்.

வீட்டார் இந்தப் பகுதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டாலே பெரிய உபகாரம். பின்னால் வரும், பட்டையை (பெல்ட்) காலில் கட்டி இழுக்கும் சோதனைகளை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம்.

என்னென்ன வேண்டும்

பெரிய மருத்துவமனைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கான மையங்களிலும் ஐசோகைனெட்டிக் இயந்திரம் இருக்கிறது. நாற்காலி மாதிரி, காலைக் கட்டிவிட்டு ஒரே வேகத்தில் நீட்டி மடக்கச் சொல்லும். அளவுக்கு அதுதான் ராஜா. ஆனால் அறுவை முடிந்த ஆறாவது வாரத்தில் ஒரு பாட்டியை டாக்சியில் ஏற்றி, சயான் சர்க்கிள் நெரிசலைத் தாண்டிக் கொண்டுபோய் உட்கார வைத்தால், அவர் அங்கே காட்டுவது மிச்சமிருக்கும் பலத்தைத்தான்.

வீட்டுக்கு ஏற்றது கையடக்க டைனமோமீட்டர், அதாவது தசை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்று காட்டும் கருவி. உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் மெத்தென்ற தட்டு, மறுபக்கம் எண். விலை கொஞ்சம் கடிக்கும். வாங்க முடியாதவர்களுக்கு நான் சொல்லும் மாற்று: பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் கொக்கித் தராசு, 50 கிலோ வரை காட்டுவது, உச்ச எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதியுள்ளது. தெரிந்த எடையைத் தொங்கவிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பத்து கிலோ அரிசிப் பை போதும். நான் முதல் தராசைச் சரிபார்க்காமலேயே இரண்டு மாதம் ஓட்டினேன். பிறகு பார்த்தால் அது எல்லாருக்கும் தாராளமாக ஒரு கிலோ கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கூடவே நீளாத நைலான் பட்டை இரண்டு, அகலமான கணுக்கால் பட்டி ஒன்று, தையல்காரர் டேப், போனில் ஸ்டாப்வாட்ச், முள் வைத்த குளியலறைத் தராசு இரண்டு, பேனா, நோட்டு. ரப்பர் பட்டையில் அளக்காதீர்கள். அது நீளும்போது முட்டியின் கோணம் மாறி எண்ணும் மாறும்.

போகும் நேரம்

தண்ணி வரும் நேரத்தில் போகாதீர்கள். காலை ஏழு மணிக்குக் குழாயில் தண்ணி வந்தால் வீட்டில் யாருக்கும் உங்களைக் கவனிக்க முடியாது, பாட்டியின் கவனமும் குடத்தின் மேல்தான். வலி மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து என்று வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறையும் அதே இடைவெளி. அன்றைக்கு ஏகாதசியா, செவ்வாய் விரதமா என்று கேளுங்கள். வெறும் வயிற்றில் எடுத்த எண்ணை நோட்டில் ஏற்றினால் அடுத்த முறை இட்லி சாப்பிட்டுவிட்டுக் காட்டும் பலம் முன்னேற்றமாகத் தெரியும்.

புடவையில் பட்டி நிற்காது. நைட்டி போதும், முட்டிக்கு மேல் ஒரு துண்டு. கொலுசைக் கழற்றச் சொல்லுங்கள், தட்டு அதன்மேல் அழுத்தினால் வலிக்கும். கால் முழுக்க எண்ணெய் தேய்த்து வைத்திருப்பார்கள், அதைத் துடைக்காமல் ஆரம்பித்தால் பட்டி வழுக்கிக்கொண்டு பாதத்துக்கு வந்து சேரும்.

"ஒதைங்க" என்று சொல்லாதீர்கள்

இதை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டைனமோமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆச்சியின் முன்னால் குந்தியிருந்து, "நல்லா ஒதைங்க ஆச்சி" என்றேன். நாலு கிலோ காட்டியது. மறுபடி சொன்னேன். நாலரை. முகத்தைப் பார்த்தால் சிரமப்படுகிற மாதிரியே இல்லை. காலை எடுத்ததும் குனிந்து என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வீட்டுக்கு வந்த புள்ளைய கால வச்சு ஒதைக்கச் சொல்லுதியே, பாவம்லா?"

அவ்வளவுதான் விஷயம். ஒரு மனுஷி மேல் கால் படக்கூடாது என்று எழுபது வருடமாகப் பழகிய உடம்பு பலத்தை உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறது. நான் விலகி உட்கார்ந்து, தராசைப் பட்டையால் கட்டிலின் காலில் கட்டிவிட்டு, "இந்தப் பட்டைய அறுத்துக் காட்டுங்க ஆச்சி" என்றேன். ஏழரை கிலோ. அதே கால், அதே நாள், பத்து நிமிட இடைவெளி.

அதனால் என் முதல் விதி, அளக்கும்போது அவர் பாதத்துக்கு எதிரே ஆள் இருக்கக் கூடாது. கருவியைக் கையில் பிடித்தே ஆக வேண்டுமென்றால் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு, "மெஷின் மேலதான் படுது, என் மேல இல்ல" என்று சொல்லிவிடுங்கள். மாதுங்கா மாமியானால் "ஒதைங்கோ" வேண்டாம், "காலை நீட்டுங்கோ மாமி, விடாதேங்கோ". எந்தச் சொல்லுக்கு அவர் முழுப் பலத்தைக் கொடுத்தார் என்று நோட்டில் எழுதுங்கள், அடுத்த முறையும் அதே சொல்.

முட்டியை நீட்டும் பலம்

இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. எழுவது, உட்காருவது, படி ஏறுவது எல்லாவற்றுக்கும் முன்தொடை வேண்டும். உடைந்த பக்கம் இது அறுவைக்குப் பிந்தைய நாட்களில் நல்ல காலின் பாதிக்கும் கீழே இறங்குவது சாதாரணம். படுக்கையில் கிடந்தது ஒரு காரணம். தொடையில் தேங்கும் வீக்கமும் வலியும் சேர்ந்து மூளை தசைக்கு அனுப்பும் ஆணையையே மட்டுப்படுத்துவது இன்னொன்று.

உயரமான, கெட்டியான இருக்கையில் உட்கார வையுங்கள். பஞ்சு மெத்தை வேண்டாம். பாதம் தரையைத் தொடக் கூடாது. முட்டி 90 டிகிரி, முட்டியின் பின்பக்கத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இரண்டு விரல் இடைவெளி. மூட்டு மாற்றியவரானால் அடியில் மடித்த கம்பளி போட்டு, முதுகைச் சற்றே பின்னால் சாய்த்து, இடுப்பு முட்டியைவிட உயரத்தில் இருக்கும்படி பாருங்கள். கைகள் மார்பின் குறுக்கே. பயமாக இருந்தால் விளிம்பைப் பிடித்துக்கொள்ளட்டும், ஆனால் எப்போதும் அப்படியே.

கணுக்கால் முட்டெலும்புக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே பட்டியின் நடுப்பகுதி வரவேண்டும். டேப் வைத்து அளந்து பேனாவால் கோடு போடுங்கள். பட்டியிலிருந்து பட்டை நேராகப் பின்பக்கம் போய், தராசு வழியாக, கட்டிலின் காலில் முடிய வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் கெண்டைக்காலும் பட்டையும் மூலைமட்டம் போல இருக்க வேண்டும். பட்டை 30 டிகிரி சரிந்திருந்தால், தராசு காட்டுவதில் 87 சதவீதம்தான் காலை நீட்டும் விசை. மிச்சம் வீண் இழுப்பு, ஆனால் நோட்டில் பலம் என்று ஏறிவிடும். அந்த வீட்டுக் கட்டில் இதற்குத் தோதுப்படாவிட்டால் சமையலறை மேடை, ஜன்னல் கம்பி, எதுவும் ஆகும், அது அசையாமல் இருக்கிறவரை. பிளாஸ்டிக் நாற்காலியின் காலில் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

முதலில் நல்ல கால். எப்போதும் நல்ல கால்தான் முதலில், ஏனென்றால் என்ன கேட்கிறோம் என்பது வலியில்லாமல் புரிந்துவிடும். காது மந்தமானவர்களுக்கும் மறதி உள்ளவர்களுக்கும் நீங்களே உட்கார்ந்து ஒரு முறை செய்து காட்டுங்கள். பாதிப் பலத்தில் இரண்டு ஒத்திகை. பிறகு நிஜம்: இரண்டு நொடியில் மெதுவாகக் கூட்டி, மூன்று நொடி முழுப் பலத்தில் நிறுத்தி, விடுவது. வெட்டி இழுக்கக் கூடாது. அவர் தள்ளுகிற அளவுக்குத்தான் கருவி தாங்க வேண்டும். அவர் பிடித்திருக்கும் காலை நாம் மடக்கி முறிக்கும் வகைச் சோதனை விளையாட்டுக்காரர்களுக்கு ஆகும், உள்ளே ஆணி இருக்கும் எலும்புக்கு ஆகாது.

மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ரத்த அழுத்தம் எகிறும். வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள், எண்ணும்போது மூச்சு தானாக வெளியே போகும். இங்கேயே பிறந்து வளர்ந்த பாட்டிகள் சிலர் "ஏக், தோன், தீன்" என்றுதான் எண்ணுவார்கள், எந்தப் பாஷையானாலும் சரி.

மூன்று முறை, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. மூன்றாவது எண்தான் மூன்றிலும் பெரிது என்றால் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், நாலாவது எடுங்கள். உச்ச எண்ணை எழுதுங்கள். பிறகு உடைந்த கால், அதே மாதிரி.

ஒவ்வொரு முறையும் உடனே கேட்க வேண்டியது: வலி பத்துக்கு எவ்வளவு, எங்கே? எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஐந்துக்கு மேல் சொன்னால் அந்த எண்ணை நான் பலம் என்று எடுத்துக்கொள்வதில்லை. "வலியால் நின்றது" என்று எழுதிவிடுவேன். வலி சில பேருக்கு எண்ணாகச் சொல்ல வராது. "பிரசவ வலிய பத்துன்னு வச்சுக்கிட்டா?" என்று கேட்டுப் பாருங்கள், உடனே பதில் வரும். பெரும்பாலும் "அதுல பாதிகூட இல்ல" என்றுதான்.

கிலோவிலிருந்து உண்மையான எண்ணுக்கு

தராசு காட்டும் கிலோவை அப்படியே ஒப்பிடுவது ஒரே ஆளுக்குச் சரி. பட்டியின் இடம் மாறினாலோ இன்னொருவரோடு ஒப்பிட வேண்டுமென்றாலோ போதாது. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் கஷ்டம், கைப்பிடிக்குப் பக்கத்தில் சுலபம். அதே விஷயம்தான்.

ஆச்சியின் எடை 48 கிலோ. முட்டி மடிப்புக் கோட்டிலிருந்து பட்டியின் நடு வரை (இதுதான் நெம்புகோல் நீளம்) 30 சென்டிமீட்டர், அதாவது 0.30 மீட்டர். உடைந்த கால் 7.5 கிலோ. 9.81-ஆல் பெருக்கினால் 73.6 நியூட்டன். அதை 0.30-ஆல் பெருக்கினால் 22.1 நியூட்டன் மீட்டர். எடையால் வகுத்தால் கிலோவுக்கு 0.46. நல்ல கால் 12.5 கிலோ: 122.6 நியூட்டன், 36.8 நியூட்டன் மீட்டர், கிலோவுக்கு 0.77. உடைந்தது நல்லதில் 60 சதவீதம்.

"எண்பது பர்சன்ட்" என்று நம்பியிருந்த மகனுக்கு இந்தக் கணக்கை அவர் போன் கால்குலேட்டரிலேயே போட்டுக் காட்டினேன்.

நல்ல காலும் கரையும்

அந்த 60 சதவீதத்தை உடனே நம்பிவிடாதீர்கள். நான் இதில் ஒரு முறை நன்றாகவே ஏமாந்தேன். செம்பூரில் ஒரு அம்மா. ஆறாவது வாரம் உடைந்த கால் 6.5 கிலோ, நல்ல கால் 11. விகிதம் 59. பன்னிரண்டாவது வாரம் விகிதம் 76. குடும்பத்துக்குச் சந்தோஷம், எனக்கும்தான், ரிப்போர்ட்டில் பெரிதாக எழுதினேன். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டும்போதுதான் உறைத்தது. உடைந்த கால் அப்போதும் அதே 6.5. நல்ல கால் 11-லிருந்து 8.5-க்கு இறங்கியிருந்தது. மறுபடி விழுந்துவிடுவார் என்ற பயத்தில் மருமகள் அவரைக் கட்டிலை விட்டே இறக்கவில்லை. சாப்பாடு, டிவி, எல்லாம் கட்டிலில். நான் எழுதிக் கொடுத்த முன்னேற்றம் அந்தக் கட்டில் செய்த வேலை.

அன்றிலிருந்து ரிப்போர்ட்டில் விகிதத்தைக் கடைசியில்தான் எழுதுகிறேன். முதலில் உடைந்த காலின் எண், பிறகு நல்ல காலின் எண், இரண்டும் போன முறை என்ன என்பது. விகிதம் ஏறி இரண்டு எண்ணும் ஏறாவிட்டால் அது கெட்ட செய்தி. விழுவதற்கு முன்னாலேயே நல்ல காலும் பலம் குறைந்ததாகத்தான் இருந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

"இந்த வயசுல இனிமே எங்க பலம் வரப்போகுது" என்பவர்களுக்கு நான் சொல்வது: 1990-இல் அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய 10 பேரை எடை தூக்க வைத்துப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் முன்தொடைப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அவர்கள் இடுப்பு உடைந்து எழுந்தவர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனாலும் வயதைக் காரணம் சொல்பவர்களுக்கு அது பதில்.

காலை விரிக்கும் பலம்

ஒரு காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சாயாமல் பிடிப்பது பக்கவாட்டுத் தசை. பிரீட்ரிக் டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் சர்ஜன் 1895-இல் விவரித்த அடையாளம் இன்றைக்கும் அப்படியே செல்லும். சுவரைத் தொட்டபடி உடைந்த காலில் நின்று மற்றதைத் தூக்கச் சொன்னால், தூக்கிய பக்கம் இடுப்பு கீழே இறங்குகிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். இறங்கினால் அந்தத் தசை போதவில்லை. எடை முழுவதும் வைக்க அனுமதி கிடைத்த பிறகு மட்டும்.

எண் வேண்டுமென்றால் மல்லாந்து படுக்க வைத்து, பட்டியை முட்டிக்குச் சற்று மேலே கட்டி, வெளிப்பக்கமாகத் தள்ளச் சொல்லுங்கள். கணுக்காலில் கட்டினால் உடைந்த இடத்தில் ஏறும் சுமை அதிகம், அதனால் எனக்கு முட்டிக்கு மேல்தான் பிடிக்கும். கட்டைவிரல் கூரையைப் பார்க்க வேண்டும். பாதம் வெளிப்பக்கம் திரும்பினால் வேறு தசை வேலை செய்கிறது, அந்த எண் செல்லாது. நெம்புகோல் நீளம் இதில் இடுப்பு மூட்டின் வெளிமேட்டிலிருந்து பட்டி வரை.

நாற்காலியில்

கருவி எதுவும் இல்லாத வீட்டாருக்கு இது. முழு எடை வைக்க அனுமதி இருந்தால், பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு செய்யலாம். இருக்கை தரையிலிருந்து 43 சென்டிமீட்டர், நாற்காலியின் முதுகு சுவரில் முட்டியிருக்க வேண்டும். கையுள்ள பிளாஸ்டிக் நாற்காலி சரியான உயரத்தில் இருக்கும், ஆனால் எழும்போது பின்காலிரண்டும் விரிந்து வழுக்கும், அதனால் சுவர் கட்டாயம். திவானில் செய்தால் மெத்தை அமுங்கி உயரம் மாறும்.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருவது. ஆசிய நாடுகளின் தசைத்தேய்வு நிபுணர் குழு 2019-இல் வைத்த கோடு 12 நொடி. அவ்வளவோ அதற்கு மேலோ ஆனால் உடலின் செயல்திறன் குறைவு என்று பொருள். ஆறாவது வாரத்தில் பெரும்பாலோருக்கு ஒரு முறைகூட வராது, அப்போது 30 நொடிச் சோதனை: அந்த நேரத்தில் எத்தனை முறை எழுந்தார். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் பெண்களுக்கு வைத்திருக்கும் அளவில் 75 முதல் 79 வயதுக்கு 10-க்குக் கீழேயும், 80 முதல் 84 வயதுக்கு 9-க்குக் கீழேயும் சராசரிக்குக் குறைவு. கை ஊன்றினால் அவர்கள் கணக்கில் பூஜ்யம். நான் பூஜ்யம் என்றும் எழுதுவேன், பக்கத்தில் "கையூன்றி 5" என்றும் எழுதுவேன். அடுத்த முறை கையூன்றி 8 ஆனால் அது பெரிய மாற்றம், பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று விட்டுவிட்டால் தெரியாது.

ஆனால் நாற்காலி ஒரு விஷயத்தை மறைக்கும். நல்ல காலிலேயே முழுப் பாரத்தையும் போட்டு அழகாக எழுந்துவிடுவார்கள். அதற்குத்தான் அந்த இரண்டு முள் தராசு. ஒவ்வொரு பாதமும் ஒவ்வொரு தராசில், எழுந்து நின்றதும் இரண்டு முள்ளையும் படித்துவிடுங்கள். தராசின் உயரத்தால் பாதம் மேலே வந்துவிடுவதால், இருக்கையின் அடியிலும் அதே உயரத்துக்குப் பலகை வேண்டும். 48 கிலோ ஆச்சி நிற்கும்போது ஒரு முள் 33, மறுமுள் 15. அதைக் காட்டியதும் அவரே சொன்னார்: "ஒரு காலு சம்பாதிக்குது, ஒரு காலு உக்காந்து திங்குது."

நோட்டு

கால் தானாகத் தூக்குகிறதா என்ற 0 முதல் 3 வரையான கைச் சோதனையை முதல் வாரத்திலேயே பார்த்துவிடலாம். பெல்ட் சோதனை தையல் பிரித்து சர்ஜன் சரி சொன்ன பிறகு, பெரும்பாலும் ஆறாவது வார எக்ஸ்ரேக்கு அப்புறம். பிறகு பன்னிரண்டாவது வாரம், ஆறு மாதம், ஒரு வருடம். வாராவாரம் அளப்பதில் அர்த்தமில்லை. ஒரே நாளில் இரண்டு முறை அளந்தாலே எண் கொஞ்சம் ஆடும், நான் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவான மாற்றத்தைச் செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. தொடைச் சுற்றளவை டேப்பால் அளந்து "சதை போட்டிருக்கு" என்று சொல்லும் பழக்கமும் வேண்டாம். முதல் மாதங்களில் அங்கே கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் வீக்கம்.

ஆச்சியின் நோட்டில் பன்னிரண்டாவது வாரப் பக்கம் இப்படி இருக்கிறது: காலை 10.30, மாத்திரை 9.30, சாப்பிட்டாச்சு. கட்டில், அடியில் கம்பளி இல்லை. பட்டி கோடு மேல் 5, நீளம் 30, பட்டை நாலாவது ஓட்டை. சொல்: "பட்டைய அறுங்க". வலது 9.5, வலி 2, தொடை வெளிப்பக்கம். இடது 13. போன முறை 7.5, 12.5. நாற்காலி 30 நொடி: கையில்லாமல் 3, கையூன்றி 8. முள் 29, 19. ஏணி ஏழு படி, வலது கையால் கம்பி, மகன் கீழே.

அடுத்த தடவை போகும்போது பட்டையை மறந்துவிட்டுப் போய், பக்கத்துக் கடையில் வேறொன்று வாங்கிக் கட்டாதீர்கள். நாலாவது ஓட்டையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, பட்டையை அந்த வீட்டிலேயே, எக்ஸ்ரே கவருக்குள் போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.